அப்பாவின் கையைக் கீறியது வெள்ளச்சி

என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பொதுக்கூட்டம் பார்க்கப் போன என் அப்பாவுக்கு,

உங்களிடம் நலமா என்று கேட்க வழியில்லை. நான் ஏதோ இருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். முழங்கால் தேய்ந்துவிட்டது, கோபம் தேயவில்லை. தம்பி செல்வம் ஊரிலேயே இருக்கிறான். அம்மா உங்களிடம் வந்து சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவளே பாதியைச் சொல்லியிருப்பாள். மீதியை நான் சொல்கிறேன்.

உங்களுக்குக் கல் வைக்கப் போகிறார்கள் அப்பா. வருகிற ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. நம் ஊர் மதகுக்கு எதிரே, பஸ் நிற்கிற இடத்தில், ஆள் உயரத்துக்குப் பாலிஷ் போட்ட கருங்கல். பந்தல், மைக் செட், சாப்பாடு எல்லாம் உண்டு. விழா மலர் ஒன்றும் அச்சாகிறது. மறைந்த தந்தைக்கு மகள் எழுதும் கடிதம் என்று அதில் ஒரு பக்கத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்களாம், மேடையில் சால்வை போர்த்தி இரண்டு வார்த்தை பேசவும் சொல்வார்களாம். "ஒரு பக்கம் போதும்க்கா. படிக்கிறவங்க அழுதுடணும், அப்படி எழுது" என்றான் செல்வம். உட்கார்ந்து பார்த்தேன். அழுகை வருகிற மாதிரி எழுத வரவில்லை. இதுதான் வருகிறது.

கல்லில் என்ன வெட்டியிருக்கிறார்கள் தெரியுமா? செல்வம் போனில் படம் எடுத்து அனுப்பினான். மேலே உங்கள் பெயர். அதன் கீழே, 'குத்தகை உரிமைக்காகப் போராடி, பண்ணைக் காவலாள் கலியன் என்பவனின் அரிவாளுக்கு இரையான தியாகி.' பொன் நிறத்தில் எழுத்து. கலியன் என்பவன். உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த மனிதர் அவர்.

அரிவாளா அப்பா? எந்த அரிவாள்?

இன்று காலையில்தான் என் பூனைக்கு நகம் வெட்டினேன். தவிட்டு நிறத்தில் ஒன்று, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. மீன் தின்றுவிட்டு ஜன்னலோரம் வெயிலில் சொக்கிக்கொண்டு கிடக்கும் பாருங்கள், அந்த நேரம்தான் தோது. மடியில் போட்டு ஒரு துண்டை லேசாகச் சுற்றிக்கொள்வேன். ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து, விரலுக்கு மேலும் கீழும் மெதுவாக அழுத்தினால் உள்ளே மடங்கியிருக்கிற நகம் வெளியே நீளும். வெளிச்சத்தில் பார்த்தால் நகத்துக்குள் ரோஜா நிறத்தில் தெரியும். அங்கே ரத்தம் ஓடுகிறது, உணர்ச்சியும் உண்டு. அதற்கு நன்றாக முன்னாலேயே, வெள்ளையாக வளைந்திருக்கிற நுனியை மட்டும் நறுக்க வேண்டும். அதற்கென்றே சின்னக் கத்தரி கடையில் கிடைக்கிறது. இரண்டு நகம் வெட்டியதும் காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுவேன். மீதி நாளைக்கு. பூனை எங்கே ஓடிவிடப் போகிறது?

தவறி ஆழமாகப் பட்டுவிட்டால்கூடப் பயமில்லை. சுத்தமான துணியில் கொஞ்சம் சோளமாவைத் தொட்டு நகத்து நுனியில் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும். நிற்காவிட்டால், பாதம் வீங்கினால், நொண்டினால், மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். இவ்வளவுதான் அப்பா இந்த வேலை. இதற்குப் போய் ஓர் உயிர் போனது. இன்னொரு மனிதர் ஜெயிலுக்குப் போனார்.

வேலையில் இருந்த காலமெல்லாம் இதைத்தான் ஊர் ஊராகச் சொன்னேன். பூனையோ நாயோ கீறினால், கடித்தால், உடனே குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கால் மணி நேரமாவது ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். சுண்ணாம்பு வைக்காதீர்கள், காப்பித்தூள் அப்பாதீர்கள், சேறு பூசாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். அன்றைக்கே வந்து ஊசி போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடாதீர்கள். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. கேட்டவர்கள் கேட்டார்கள். கேட்டிருக்க வேண்டியவர் கேட்கிற இடத்தில் இல்லை.

அந்த வருஷத்தை உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் இது விழா மலரில் வரப்போகிற கடிதமாம், படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். கட்சி ஆட்சிக்கு வந்து, சாகுபடி செய்கிறவனை நிலத்தைவிட்டு வெளியேற்ற முடியாது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். பெரிய பண்ணை உங்களைக் குத்தகையிலிருந்து கிளப்பப் பார்த்தார். நீங்கள் கிளம்பவில்லை. அறுத்த நெல் யாருக்கு என்று வழக்கு தாசில்தாரிடம் போனது. தீர்ப்பு வரும்வரை நெல்லை யாரும் தொடக்கூடாது என்று மூட்டை மூட்டையாகத் தைத்து, நூல் முடிச்சில் அரக்கு வைத்து, நம் வீட்டு உள்ளறையிலேயே உங்கள் பொறுப்பில் அடுக்கிவிட்டுப் போனார்கள். ஒரு மூட்டை கிழிந்திருந்தாலும் நாம் திருடியதாக ஆகிவிடும். அதைத்தான் பண்ணையும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

நெல் இருக்கிற வீட்டில் எலி இல்லாமல் இருக்குமா? அதற்காக நம் பூனை வெள்ளச்சியை அந்த அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினீர்கள். சோறு உள்ளே, தண்ணீர் உள்ளே, எல்லாம் உள்ளே. அது எலியைப் பிடித்தது. கூடவே சாக்கில் நகத்தைத் தீட்டவும் தொடங்கியது. பாவம், அதற்கு வேறு எது இருந்தது அந்த அறையில்? கீழ் வரிசை மூட்டைகளில் சாக்கு நூல் நூலாகப் பிரிந்து நெல்மணி எட்டிப் பார்த்தபோது உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

"வெளில வுட்டுருங்க. அது பாட்டுக்கு முருங்க மரத்துல பொறாண்டிக்கும்" என்றாள் அம்மா.

"வெளில வுட்டா எலி வந்து மூட்டையத் தின்னுட்டுப் போவும். நகத்த எடுத்துட்டா ரெண்டுக்கும் சரியாப் போச்சு. நீ பாக்குவெட்டிய எடு."

பாக்குவெட்டி! நம் ஊர் ஆளுக்குத்தான் அது தோன்றும். கொட்டைப் பாக்கை நெரித்துப் பிளக்கிற கருவியால் பூனை நகத்தை வெட்டக் கிளம்பினீர்கள். ஒரு பழைய சாக்கை எடுத்து அந்த அறைத் தூணில் சுற்றிக் கட்டியிருந்தால் அது அதில் பிறாண்டிக்கொண்டு மூட்டையை விட்டிருக்கும். அந்த யோசனை யாருக்கும் வரவில்லை. கன்றுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி வைக்கோல் பிரியால் அதன் நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, முழங்காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தீர்கள். நானும் அம்மாவும் வாசற்படியில் நின்றோம். செல்வம் தொட்டிலில் கிடந்தான்.

முதல் நகம் நொறுங்கியது. அடுத்ததில் சதையோடு நெரித்துவிட்டீர்கள். அது போட்ட சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும். வைக்கோல் பிரி என்ன இரும்பா, அறுந்துவிட்டது. வெள்ளச்சி உங்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்து, கட்டைவிரல் அடியில் கடித்து, மூட்டைகளின் உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. உங்கள் கையெல்லாம் ரத்தம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. நடவுக்கு ஆள் காத்துக்கொண்டிருந்தார்கள். அதே கையோடு வயலுக்குப் போனீர்கள். வயலில் வெட்டுப்பட்டால் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள். சேற்றை அள்ளிக் காயத்தில் அப்பி, துண்டைக் கிழித்து மேலே கட்டிக்கொண்டீர்கள்.

சாயங்காலம் அம்மா சொன்னாள். "ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஊசி போட்டுக்கிட்டு வந்துருங்க. காசு பணமா கேக்கப் போறான்?"

"பூன கீறுனதுக்கு ஊசியா? பண்ண ஆளுவ தடியோட வந்தப்பவே அசையாதவன் நான். ஊரு சிரிக்கும்டி."

மறுநாளிலிருந்து முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தீர்கள். போராட்டத்தில் நெற்றியில் பட்ட தழும்பை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிய மனிதர், பூனை கீறிய கையை ஒளித்துக்கொண்டார். அம்மா வெள்ளச்சியின் காலைக் கழுவி, மஞ்சள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அது நாலைந்து நாள் நொண்டிவிட்டுத் தேறிக்கொண்டது. உங்கள் காயத்தை யாரையும் கழுவ விடவில்லை நீங்கள்.

ஊசி போடவில்லை, சரி. வீம்பு, சரி. எத்தனையோ வீட்டு ஆண்கள் அப்படித்தான். அதற்காக நான் இப்படி எழுதமாட்டேன். அடுத்து நடந்ததற்காகத்தான் எழுதுகிறேன்.

மந்திரி அந்த வழியாகக் காரில் போகிறார் என்று மனு கொடுக்கப் போனீர்கள். என்னையும் கையில் பிடித்துக்கொண்டு போனீர்கள். ரோட்டோரத்தில் கட்சி ஆட்கள் கொடியோடு நின்றார்கள். வெயிலில் சட்டைக் கையை மடித்துவிட்டதை நீங்கள் மறந்தே போனீர்கள். கிளைச் செயலாளர் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே கையில? பண்ண ஆளுவளா?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் உங்களைப் பார்த்தார்கள். நான் அண்ணாந்து உங்கள் முகத்தைப் பார்த்தேன். பூனை என்று சொல்லப் போகிறீர்கள், எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கலாம் என்று இருந்தேன்.

"ஆமா. வரப்புல வச்சு அருவாள வீசிட்டானுவ. வெலகிட்டேன், கையோட போச்சு."

"யாருண்ணே? ஆளு யாரு?"

"இருட்டு... மொகம் சரியாத் தெரியல. கலியன் மாதிரி இருந்துச்சு."

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது அப்பா? இத்தனை வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். பெரிய பண்ணையின் பெயரைச் சொல்லியிருக்கலாம். உங்கள் சண்டை அவரோடுதானே? அவர் வீட்டு மச்சான்கள் இருந்தார்கள், கணக்குப்பிள்ளை இருந்தார். அவர்களைச் சொன்னால் சாட்சி கேட்பார்கள், வக்கீல் வருவார். காலனித் தெருக் கலியனுக்கு யார் வருவார்? பண்ணை வயலுக்குக் காவல் இருக்கிறவர், இடுப்பில் எப்போதும் அரிவாள் இருக்கும், கேட்கிறவர்கள் உடனே நம்புவார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் போய் மேல் கீழ் இல்லை என்று கைதட்டிய மனிதரின் நாக்கு, ஒரு பொய் சொல்ல வேண்டி வந்ததும் நேராக அங்கேதான் போய் நின்றது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மந்திரியின் கார் நிற்கக்கூட இல்லை. மனு உங்கள் கையிலேயே இருந்தது. ஆனால் உங்கள் வார்த்தை நிற்காமல் ஓடிவிட்டது. சாயங்காலத்துக்குள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கலியன் நம் வாசலுக்கு வந்தார், நினைவிருக்கிறதா? படியேறாமல் தெருவிலேயே கைகட்டி நின்றார். "ஐயா, நான் காவலுக்கே வரலீங்களே அன்னிக்கு. புள்ளைக்குக் காய்ச்சல்னு வூட்டுலதான் கெடந்தேன். நான் எப்பங்க ஒங்கள வெட்டுனேன்? ஒரு வார்த்த சொல்லுங்க ஐயா, போலீசு தேடுதுங்குறாங்க."

நீங்கள் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். எழுந்து வரவில்லை. "போடா, பாத்துக்கலாம்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தீர்கள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அம்மா உங்களை உலுக்கி எடுத்தாள்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க? அந்த மனுசன் என்ன பாவம் பண்ணாரு?"

"சும்மா இருடி. ரெண்டு நாள்ல எல்லாம் அடங்கிடும். அப்பறம் நானே போய் ஆளு அவன் இல்லன்னு சொல்லிக்கிறேன்."

அந்த வாரம் முடிவதற்குள் உங்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. முதலில் சுளுக்கு என்றீர்கள். பிறகு வாய் திறக்க வரவில்லை. கஞ்சியை ஊற்றினால் பல்லிடுக்கில் நின்றது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ் என்றார். சேற்றிலும் சாணியிலும் இருக்கிற கிருமி அது. காயத்துக்குள் போய் மூடிக்கொண்டால் வளரும். இதெல்லாம் நர்ஸிங் படிக்கும்போது எனக்குப் பாடமாக வந்தது. வகுப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன், எழுத்து தெரியாமல் கண் மறைத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தது. வெளிச்சம் பட்டால் வலிப்பு வரும் என்று இருட்டாக்கி வைத்திருந்த அறையில், உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, "வெட்டுனது கலியன்தானே?" என்று கேட்டார்கள். உங்கள் தாடை பூட்டிக் கிடந்தது. கண் மட்டும் அசைந்தது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. ஆமாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். அம்மாவோ இல்லை என்றுதான் சொன்னார் என்றாள். என்ன சொல்ல வந்தீர்கள் அப்பா? இல்லை என்றுதானே? அப்படித்தான் இருக்கும் என்று சில நாள் நினைத்துக்கொள்கிறேன். சில நாள் அதுவும் முடிவதில்லை.

நீங்கள் போன பிறகு அம்மா ஸ்டேஷனுக்குப் போனாள். பத்தாம் நாள் காரியம்கூட ஆகவில்லை. பூனைதான் கீறியது, நானும் என் பெண்ணும் பார்த்தோம் என்று சொன்னாள். "ஒம் புருசனே நாலு பேரு முன்னாடி சொல்லிருக்காரு. நீ என்னம்மா பூன கீனங்குற? பண்ண எதும் குடுத்தானா?" என்று அதிகாரி சிரித்தார். கட்சி ஆட்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணி, நீங்க துக்கத்துல இருக்கீங்க, உள்ள போங்க" என்றார்கள். அம்மா சும்மா இருக்கவில்லை. காலனித் தெருவுக்கு நடந்து போய்க் கலியன் பெண்சாதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாள். அவளால் முடிந்தது அதுதான்.

பெரிய பண்ணை என்ன செய்தார் தெரியுமா? "அவனாத்தான் ஏதோ செஞ்சிருக்கான், எனக்கும் அதுக்கும் சம்மந்தம் இல்ல" என்று கைகழுவிவிட்டார். விசாரணைக் கைதியாக நெடுநாள் உள்ளே கிடந்துவிட்டுச் சாட்சி இல்லை என்று கலியன் வெளியே வந்தபோது, ஊரில் அவருக்கு வேலை இல்லை. ஆளை வெட்டியவன் என்ற பெயர் மட்டும் இருந்தது. பெண்டாட்டி பிள்ளையோடு நாகூருக்குப் போய்க் கடற்கரையில் மீன் கூடை சுமந்தார். அங்கேயே முடிந்தும் போனார்.

நெல்லைக் கேட்கிறீர்களா? வருஷக்கணக்கில் இழுத்து ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. நமக்குத்தான் சாதகம். அரக்கை உடைத்து மூட்டையைப் பிரித்தால் அந்துப்பூச்சி பறந்தது. உள்ளே இருந்தது உமி. பின்னால் நம் பெயருக்கு வந்த நிலத்தைச் செல்வம் மனைக்கட்டாக்கி விற்றான். வாங்கியது யார் தெரியுமா? பெரிய பண்ணையின் மகன். அவர்தான் இப்போது நம் கட்சிக்கு ஒன்றியச் செயலாளர். தோளில் கட்சிக் கரை போட்ட துண்டு. ஞாயிற்றுக்கிழமை உங்கள் கல்லைத் திறந்து வைக்கப்போவதும் அவர்தான். அதனால்தான் கல்லில் பண்ணையார் பெயர் இல்லை. குடும்பத்துக்குக் கெட்ட பெயர் வராமல், பழி முழுவதும் கலியன் தலையில் இருக்கிறது. எவ்வளவு வசதியாகப் போய்விட்டது பாருங்கள், நீங்கள் அன்றைக்குச் சொன்ன பெயர்!

செல்லம்மாவை உங்களுக்குத் தெரியாது. கலியனின் மகள். அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்த பிள்ளை அவள்தான். நாகூரிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவந்து நம் பக்கத்துக் கிராமங்களில் விற்கிறாள். நான் வேலையில் இருந்தபோது கெளுத்தி முள் குத்தி வீங்கிய விரலோடு ஒரு நாள் வந்தாள். சுண்ணாம்பை அப்பி வைத்திருந்தாள். திட்டிக்கொண்டே கழுவிவிட்டேன். ஊசி போட்டு, சீட்டு எழுதுவதற்காகத் தகப்பன் பெயர் கேட்டேன். அவள் கலியன் என்றதும் பேனாவைக் கீழே வைத்தேன். நான் யார் என்று சொன்னேன். உங்கப்பா எதுவும் செய்யவில்லை, எங்கப்பா பொய் சொன்னார் என்றும் சொன்னேன்.

"தெரியும் சிஸ்டர். ஒங்கம்மா வந்து சொன்னாங்களாமே. பூன கீறுனதுக்கு நான் ஜெயிலுக்குப் போனேன்னு எங்கப்பா சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. சொல்லிட்டு எந்திரிச்சுக் கடற்கரைக்குப் போயிடுவாரு" என்றாள். "ஒங்க வூட்டுக்கும் தெரியும், எங்க வூட்டுக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன? ஊருக்குல்ல தெரியணும்."

கல்லின் படம் வந்ததும் செல்வத்துக்குப் போன் செய்தேன். அந்த வரியை எடு என்றேன்.

"அக்கா, பையனுக்குக் கவுன்சிலர் சீட்டு பேசிட்டு இருக்கேன். தியாகி பேரன்னுதான் குடுக்குறாங்க. அப்பா பூன கீறிச் செத்தாருன்னு மேடையில சொல்லச் சொல்றியா? சிரிக்கமாட்டாங்க?"

உங்கள் குரலேதான் அப்பா. தொட்டிலில் கிடந்த பிள்ளை, உங்கள் குரலைக் கேட்டுக்கூட வளரவில்லை. எப்படி வந்தது?

செல்லம்மாவிடமும் பேசினேன். விழாவுக்கு வா என்றேன். "எதுக்கு? கல்லுல எங்கப்பா பேரு எப்படி மின்னுதுன்னு பாக்கவா?" என்று கேட்டாள். நான் மேடையில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். அவள் சொன்னாள்: "சொல்லுவீங்கன்னா வர்றேன் சிஸ்டர். சொல்லாம சால்வைய வாங்கிக்கிட்டு எறங்குனீங்கன்னா, நானே எந்திரிச்சு நின்னு கேப்பேன். கூட்டம்லாம் பாக்கமாட்டேன்."

கேட்கட்டும். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

இந்தக் கடிதத்தை மலரில் போடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். செல்வம் படித்துவிட்டுக் கிழித்துப் போடுவான். அதனால் இன்னொரு படி எழுதி என் கைப்பையில் வைத்திருக்கிறேன். உங்கள் மேல் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை அப்பா. உங்கள் தோளில் உட்கார்ந்து பார்த்த உயரத்திலிருந்து நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. நீங்கள் போராடியதும் பொய்யில்லை. தடிக்கு முன்னால் நின்றது நிஜம், நிலத்தை விடாதது நிஜம். அதை மட்டும் கல்லில் வெட்டியிருந்தால் நானே பூ வாங்கிக்கொண்டு முதல் ஆளாக வந்திருப்பேன். இப்போது இரண்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. கனமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மைக் என் கைக்கு வந்ததும், திரு. கலியன் அவர்கள் என் அப்பாவைத் தொடக்கூட இல்லை என்று சொல்வேன். ஊரில் அந்தப் பெயருக்கு முன்னால் மரியாதை வைத்து யாரும் சொல்லிக் கேட்டதில்லை, முதலில் நான் சொல்கிறேன். அதன் பிறகு வெள்ளச்சியைச் சொல்வேன், சேற்றைச் சொல்வேன், போடாத ஊசியைச் சொல்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உளி கொண்டுவந்து அந்த வரியைக் கொத்தி எடுக்கும்வரை கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். செல்லம்மாவும் பக்கத்தில் இருப்பாள். எடுக்கமாட்டோம் என்றால் உங்கள் பெயரும் அங்கே இருக்க வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். இது என் வாக்கு. அங்கே உங்களுக்காக அழமாட்டேன். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொள்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் உங்களை அப்பா என்றே கூப்பிடுகிற,
உங்கள் மூத்த மகள்
தமிழரசி